நாலே சொல்

மக்களவையில் கேள்வி நேரம். தொகுதியில் பாதியில் நிற்கும் ரயில்வே மேம்பாலத்தைப் பற்றி ஒரு எம்.பி. கேட்கிறார். அமைச்சர் தாளைப் புரட்டிவிட்டுச் சொல்கிறார்: "தகவல் சேகரிக்கப்பட்டு அவையில் வைக்கப்படும்."

மழுப்பல் மாதிரி இருக்கிறது, இல்லையா?

ஆனால் அந்த நாலு சொல் 'உறுதிமொழி'க் கணக்கில் ஏறிவிடும். "பரிசீலனையில் உள்ளது" என்றாலும் அப்படித்தான். சொன்னதை 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் உறுதிமொழிக் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும். 1953 முதல் இருக்கிற குழு, 15 எம்.பி.க்கள்.

கேட்கிற விதத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

"எங்கள் மாவட்ட மருத்துவமனையில் ஏன் டாக்டர் இல்லை?" என்றால், "சுகாதாரம் மாநிலப் பட்டியல்" என்று ஒரே வரியில் கதவை மூடிவிடலாம். "தேசிய நலவாழ்வு இயக்கத்தில் எங்கள் மாநிலத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு விடுவித்தீர்கள், ஆண்டுவாரியாக" என்றால் அட்டவணை வந்தே தீரும்.

குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ். 150 சொல்லுக்குள். அவையிலேயே வாய்மொழியாகப் பதில் கேட்கும் நட்சத்திரக் கேள்வி நாளுக்கு 20தான், அதுவும் குலுக்கலில். அந்த இருபதிலும் பாதிகூட வாய்மொழிப் பதிலுக்கு வராத நாட்கள் ஏராளம். மீதிக்கு எழுத்தில் பதில் வரும், துணைக்கேள்விக்கு வழியில்லை.

பூஜ்ய நேரம், அதாவது கேள்வி நேரத்துக்குப் பின் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரம், வேறு ரகம். ஆவேசமாகப் பேசலாம், வீடியோ ஊரெல்லாம் சுற்றும். அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் கிடையாது.

அதே மேம்பாலத்தை, பொதுப் பிரச்சினைகளை அவையின் கவனத்துக்குக் கொண்டுவரும் மக்களவை விதி 377-இல் எழுதிக் கொடுத்தால், கைத்தட்டல் இருக்காது. அமைச்சரிடமிருந்து கடிதம் வரும்.