முப்பாட்டன் தேடும் படலம்

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டியோட சுரங்கக்கூலி முப்பாட்டனைத் தேடிட்டிருக்கோம். இங்கிலாந்தோட 1841 சென்சஸ்ல வயசை நம்பவே முடியாது, பதினஞ்சு தாண்டிட்டா பெரும்பாலும் அஞ்சஞ்சா கீழ இறக்கித்தான் எழுதிருக்காங்க, 39 வயசு மனுசன் 35ன்னு நிப்பாரு, பொறந்த ஊரு, உறவுமுறை எல்லாம் 1851லதான் வருது. சர்ச் கல்யாண ரெஜிஸ்டர்ல எழுதத் தெரியாத பொண்ணு வச்ச சிலுவைக்குறி, சுத்தி பாதிரியார் கையெழுத்துல அவ பேரு, நம்ம ஊரு கைநாட்டேதான். அந்தக் காலத்துப் பேப்பர்ல கூலிக்காரன் பேரு வரணும்னா கோர்ட் கேஸா இருக்கணும், இல்ல சுரங்கத்துல செத்திருக்கணும், சும்மா உயிரோட இருந்தா யாரு எழுதுவா? இங்கிலாந்து 1931 சென்சஸைத் தேடாதீங்க, 1942ல தீயில போச்சு, 1941ல யுத்தம், எடுக்கவே இல்ல. 1921 சென்சஸுக்கு அப்புறம், யுத்தம் ஆரம்பிச்சதும் ஜனங்க பேரைப் பதிஞ்ச 1939 ரெஜிஸ்டர்தான் கைகுடுக்கும்.