ஆய்வாளர்களுக்குப் பயிற்சித் திட்டம் போடப் போய் நான் பட்ட பாடு

எனக்குக் கடலூரில் கல்லூரி வேலை. புதுச்சேரியில் ஒரு கல்வி நிறுவனத்துக்கு (பெயர் வேண்டாம்) பிஎச்.டி ஆய்வாளர்களுக்கான பயிற்சித் திட்டம் வகுத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். பாடத்திட்டம் எழுதுவதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். அது இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டது.

கோப்புதான் நகரவில்லை. “கோர்ஸ்வொர்க்லயே எல்லாம் இருக்கே சார், இது எதுக்குத் தனியா?” என்றார் எழுத்தர். கோர்ஸ்வொர்க் என்றால் ஆய்வாளர் முதலில் படித்து முடிக்க வேண்டிய பாடங்கள். குறைந்தது 12 கிரெடிட் (பாடங்களின் மதிப்பலகு), அதற்குள் ஆய்வு நெறிமுறைத் தாள் ஒன்று, ஆய்வு முறையியல் ஒன்று என்று இருக்கும்போது அவர் கேட்டதில் தப்பில்லை. “வெள்ளிக்கிழமை வாங்க, பேசலாம்” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை 2024 ஆகஸ்ட் 16. அரியாங்குப்பம் தாண்டி, பேருந்தில் நின்றபடியே போய் இறங்கினால் அலுவலகம் பூட்டு. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாளாம். “தமிழ்நாட்டுலேர்ந்து வர்றீங்களா சார்?” என்று வாட்ச்மேன் சிரித்தார். எங்கள் ஊர் காலண்டரில் அது சாதாரண நாள். கடலூர்ப் பக்கமிருந்து போகிறவர்கள் புதுச்சேரி விடுதலை நாளான நவம்பர் 1-ஐயும் சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 பிஎச்.டி விதிமுறைகளை அச்செடுத்துக்கொண்டு போனேன். எந்தத் துறையானாலும் ஆய்வாளருக்குக் கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி வேண்டும் என்ற பிரிவில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தேன். வாயால் மூன்று தடவை சொன்னதும் அதேதான். ஆனால் காகிதத்தைப் பார்த்த பிறகு கோப்பு அன்றைக்கே மேலே போனது.

அதற்கப்புறம் நடந்தது முழுக்க என் தப்பு. பிரிட்டனில் ஆய்வாளர் மேம்பாட்டுக்கு ஒரு சட்டகம் இருக்கிறது. ஆய்வாளருக்கு வேண்டிய திறன்கள், பண்புகள் என்று அப்போது அதில் 63 கூறுகள். அதை அப்படியே தமிழாக்கி, உங்களுக்கு எது வேண்டும் என்று படிவமாகக் கொடுத்தேன். பாதியைத் தாண்டி யாரும் நிரப்பவில்லை. பதிவுப் படிவத்தின் அடியில் ‘நெறியாளர் (கைடு) கையொப்பம்’ என்று ஒரு கோடு வேறு போட்டு வைத்தேன். எல்லாப் படிவத்திலும் இருக்கிறதே என்றுதான்.

முதல் சனிக்கிழமை 40 நாற்காலி, 40 சமோசா, 9 பேர். டீ நேரத்தில் ஒரு ஆய்வாளர் மெதுவாகச் சொன்னார்: “சார், கையெழுத்து கேட்டா ‘சாப்டர் எழுதாம இதுக்குப் போறியா’ன்னு கைடு கேப்பாரு. நான் கேட்டேன், வாங்கிக் கட்டிக்கிட்டேன். மத்தவங்க கேக்கவே இல்ல.”

அந்தக் கையொப்பக் கோட்டை நீக்கினேன். நெறியாளருக்குத் துறை வழியாக ஒரு தகவல் கடிதம் மட்டும். 63 கூறுகளுக்குப் பதிலாக ஒரே கேள்வி: உங்கள் ஆய்வு இப்போது எங்கே நின்றுபோயிருக்கிறது? பதில்கள் பெரும்பாலும் எழுத்தில்தான் வந்து முட்டின. அதனால் விரிவுரைகளைக் குறைத்து, காலையில் இரண்டு மணி நேரம் அவரவர் ஆய்வேட்டின் இயலை (சாப்டர்) உட்கார்ந்து எழுதுவது என்று மாற்றினோம். பகுதிநேர ஆய்வாளர் ஒருவர், இரண்டு பிள்ளைகளின் அம்மா, “வீட்ல இந்த ரெண்டு மணி நேரம் கெடைக்காது சார்” என்று மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அன்று வந்தவர்கள் 31 பேர்.

முதல் நாள் சமோசா பில் மட்டும் இன்னும் பாஸாகவில்லை. “9 கையெழுத்துக்கு 40 சமோசாவா?” என்று குறிப்பெழுதித் திருப்பியிருக்கிறார்கள்.