நாலு மில்லிமீற்றர் தோல்

வன்னியில் வேலை செய்த காலத்தில், "உங்கட குடும்பத்தில வேற ஆருக்கும் இப்படி வந்ததோ?" என்று கேட்கவே எனக்குத் தயக்கம். பதிலில் பாதி 2009இல் போய் நிற்கும்.

அந்த அம்மாவுக்கு 46 வயது. பிரஷர் இல்லை, சீனி இல்லை. ஆனாலும் இரண்டு தடவை பாரிசவாதம். இளவயதிலிருந்தே கண்ணுக்குள் மின்னலடித்துத் தொடங்கும் ஒற்றைத் தலைவலி வேறு. எம்.ஆர்.ஐ.க்கு முன் உடம்பில் ஷெல் துண்டு கிடக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தோம். இங்கே அதைக் கேட்காமல் யாரையும் அந்தக் காந்தத்துக்குள் அனுப்ப முடியாது. படத்தில் இரு பொட்டுப் பக்கங்களிலும் மூளையின் முன்முனை வெளுத்திருந்தது. கடாசில் (CADASIL) என்ற, சிறு நாடிகளைக் கெடுக்கும் பரம்பரை நோயோ என்று சந்தேகம். 19ஆவது குரோமோசோமில் உள்ள நொட்ச்3 மரபணுவின் பிழை அது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. தடயம் தேடினால், தம்பிமார் இருவரும் பாரிசவாதம் வரும் வயதை எட்டவே இல்லை.

மரபணுச் சோதனைக்கு வசதியில்லை. தோலில் பார்க்கலாம் என்றோம். "தலையில வருத்தம், தோலை ஏன் வெட்டுறியள்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இந்த நோயின் படிவு மூளையில் மட்டுமல்ல, உடம்பெங்கும் சிறு நாடிகளின் தசைக்கலங்களை ஒட்டிச் சேர்கிறது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கருமணிகளாகத் தெரியும்.

முதல் துண்டைக் கெடுத்தது நான்தான். கைப்பழக்கத்தில் ஃபோர்மலின் போத்தலுக்குள் போட்டுவிட்டேன். இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு வேண்டியது குளூட்டரல்டிஹைட் என்ற வேறு பதப்படுத்தும் திரவம். போதாக்குறைக்கு மேலாக வெட்டியிருந்தேன். அந்த நாடிகள் ஆழத்தில், கொழுப்பை அண்டித்தான் ஓடும். சரி, மன்னிப்புக் கேட்டேன். இரண்டாம் தடவை விறைப்பூசி ஏற்றும்போது, "இந்தமுறை வடிவா எடுங்கோ தம்பி" என்றார்.

கருமணிகள் இருந்தன. இல்லாமல் போயிருந்தால் நோய் இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்க முடியாது. இருந்ததால் பேச்சே இல்லை. குணப்படுத்த மருந்தும் இல்லை.

மகள் கதவடியில் நின்றாள். "அம்மாட கிளினிக் கொப்பியில வருத்தத்தின்ர பேரை எழுதாதேங்கோ டொக்டர். எனக்குக் கலியாணம் பேசுறாங்கள்."

நாளைக்கு வேறொரு வைத்தியர் பார்த்தால் அவருக்குத் தெரியத்தானே வேண்டும். பேனையைத் திறந்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு ஆங்கிலத்தில், என் கோணல் எழுத்தில் எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் கொப்பியை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.