உளவாளிக்கு இங்கே என்ன வேலை?

‘படியில் உட்கார்ந்து படி’ என்று தம்பிக்குத் தட்டிவிட்டு நானே திரும்பப் பார்த்தேன். முதல் படி ஏறுவதற்கு, அடுத்தது கட்டளை. வாசிக்கும்போது எங்கேயும் தடுக்கவில்லை.

இடம் பார்த்துச் சரியான பொருளை மட்டும் மூளை எடுக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். 1979இல் டேவிட் ஸ்வின்னி என்ற உளவியலாளர் செய்த சோதனை வேறு மாதிரி சொல்கிறது. ஆங்கிலத்தில் ‘பக்’ என்றால் பூச்சி. ஒட்டுக்கேட்கும் கருவியும் அதுதான். சிலந்தி, கரப்பான் என்று பூச்சிப் பேச்சாகவே காதில் ஓடவிட்டு, ‘பக்’ ஒலித்த கணமே திரையில் ஓர் எழுத்துக்கோவையைக் காட்டினார். அது சொல்தானா இல்லையா என்று சொன்னால் போதும். ‘எறும்பு’க்கு வேகமாகப் பதில் வந்தது, சரி. ‘உளவாளி’க்கும் வேகமாக வந்தது! அதாவது, ஒட்டுக்கேட்கும் பொருளும் அந்தக் கணம் மூளையில் விழித்திருக்கிறது.

மூன்று அசை தள்ளிக் காட்டினால் எறும்புக்கு மட்டும்தான் அந்த வேகம். உளவாளி அதற்குள் நழுவிவிட்டார், நமக்குத் தெரியாமலே. (எல்லாச் சொல்லும் இப்படி இல்லை. ஒரு பொருள் ரொம்பப் பழகியதென்றால் அது முந்திக்கொள்ளும் என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டின.)

தம்பியிடமிருந்து இப்போதுதான் பதில் வந்தது: ‘எத்தனையாவது படியில்?’