பெயர் வேண்டாம் என்று வந்த பணம்

காசநோயாளிகளுக்காக வேலை செய்யும் எங்கள் அமைப்புக்குப் பீடிக் கம்பெனி கொடுத்த பணத்தை ஏன் வாங்கவில்லை என்று கேட்பவர்களுக்கெல்லாம் இதுவரை ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். காசநோயாளிக்குக் கொடுக்கும் உணவுப் பையில் பீடிக் கம்பெனியின் பெயர் எப்படி இருக்க முடியும்? கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கம்பெனிக்காரர்கள் இரண்டாம் முறையும் வந்து, "பெயரே வேண்டாம், ரசீது மட்டும் போதும்" என்று சொன்னதை நான் யாரிடமும் சொல்வதில்லை. அப்போதும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

பணம் எவ்வளவு தேவைப்பட்டது என்பது எனக்குத் தெரியாததல்ல. வெளிநாட்டு நிதி பெறும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்று 2020இல் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்களைப் போன்ற சிறிய அமைப்புகளுக்குப் பெரிய அமைப்புகள் வழியாக வந்துகொண்டிருந்த பணம் அதோடு நின்றது. அப்புறம் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைப் பார்த்துக்கொள்ளும் சி.எஸ்.ஆர். அலுவலகங்களுக்கு நடக்க ஆரம்பித்தோம். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, சரி. ஆனால் அவர்களுக்குத் திறப்பு விழா நடத்துகிற மாதிரி ஒரு பொருள் வேண்டும். எக்ஸ்ரே இயந்திரம் கேட்டால் பேச்சு நகரும். வீடு வீடாகப் போய் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கும் ஆளுக்குச் சம்பளம் கேட்டால், "அது நிர்வாகச் செலவாச்சே" என்பார்கள். காசநோயாளிக்கு உணவு வாங்கிக் கொடுப்பவர்களை 'மித்ரா' என்று சேர்க்கும் அரசுத் திட்டமான நி-க்ஷய் மித்ரா 2022இல் வந்த பிறகு உணவுப் பைக்கு உள்ளூரிலேயே ஆள் கிடைத்தது. பையைக் கொண்டுபோய்க் கொடுப்பவரின் பெட்ரோலுக்குத்தான் மித்ரா யாரும் இல்லை. இணையத்தில் பொதுமக்களிடம் கேட்கலாம் என்றார்கள். குழந்தையின் இதய அறுவைச் சிகிச்சை என்றால் அங்கே பணம் சேரும். சளிப் பரிசோதனைக்கு வரமாட்டேன் என்று ஒளிந்துகொள்ளும் லாரி ஓட்டுநரைத் தேடிப் போகும் செலவுக்கு யாருடைய படத்தைப் போடுவது?

இந்த நிலைமையில்தான், 2023 ஆகஸ்டில், ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வின் முடிவு வெளியானது. நோயாளியோடு சேர்த்து வீட்டில் இருப்பவர்களுக்கும் அரிசி, பருப்பு கொடுத்தால், அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைகிறது. படித்ததும் குடும்பங்களுக்கும் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். ஒரு பையாக இருந்தது வீட்டுக்கு ஒரு மூட்டையாக மாறியது. கம்பெனி வந்தது அப்போது.

எங்கள் களப்பணியாளரான அக்கா, திருநெல்வேலி மாவட்டத்தில் பீடித் தொழிலாளர்கள் இருக்கும் முக்கூடல் பக்கத்துக்காரர். நான் மறுத்தது தெரிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"வேண்டாம்னுட்டீங்களாமே தம்பி?"

"ஆமாக்கா. நோயைக் கொடுக்கிறவங்ககிட்டேயே மருந்துக்குக் காசு வாங்கலாமா?"

"நானும் சின்னப் பிள்ளையில இருந்து பீடி சுத்துனவதான். அந்தக் காசுலதான் எம் மக நர்சிங் படிச்சா. இப்ப ஊசி போடுதா. அவ போடுற ஊசியில நோய் இருக்குமா? நாம பை கொண்டு போற வீட்டுல பாதி வீட்டுல பீடி சுத்துற சொளவு இன்னும் மடியிலதான் இருக்கு."

உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் இந்தியா 2004இல் சேர்ந்தது, சுகாதாரக் கொள்கையில் புகையிலைக் கம்பெனிகளின் தலையீட்டைத் தடுக்க வேண்டும் என்று அதன் 5.3ஆம் பிரிவு சொல்கிறது என்றெல்லாம் விளக்கினேன். அந்தப் பிரிவு அரசுகளைத்தான் கட்டுப்படுத்துகிறது, எங்களை அல்ல என்பதும் எனக்குத் தெரியும். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, உங்களுக்குத் தெரியாததா" என்று போய்விட்டார்.

அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் பிறகுதான் தோன்றியது. அக்கா மகளின் படிப்புக்கு உதவித்தொகை கொடுத்தது பீடித் தொழிலாளர் நல நிதி. 1976 சட்டப்படி பீடியின் மீது தீர்வை வாங்கி உருவாக்கிய நிதி அது. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கு மருத்துவமனை வந்ததும் அந்த ஏற்பாட்டில்தான். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வை போய்விட்டது. தாய்லாந்து இன்றைக்கும் புகையிலை, மது வரியின் மேல் 2 சதவீதம் கூடுதலாக வாங்கி மக்கள் நலப் பணிக்குக் கொடுக்கிறது. வரியாக வாங்கும் பணத்துக்கு யாரும் நன்றிக் கடிதம் எழுத வேண்டியதில்லை. நன்கொடை அப்படியல்ல. சிகரெட் கம்பெனியான பிலிப் மோரிஸின் பணத்தில் 2017இல் புகையில்லா உலகத்துக்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்கியபோது, அதோடு சேர மாட்டோம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது சும்மா இல்லை. பெயர் வேண்டாம் என்று சொல்லும் பணமும் என்றாவது ஒரு நாள் எதையாவது கேட்கும்.

2025 செப்டம்பரில் பீடியின் ஜி.எஸ்.டி.யை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைப்பது என்று ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்தது. அதைக் கண்டித்து ஓர் அறிக்கை விட்டோம். அந்தப் பணத்தை வாங்கியிருந்தால் விட்டிருப்போமா? விட்டிருக்க மாட்டோம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த அறிக்கையை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. அக்காவுக்கு வரி குறையப் போவதில் சந்தோஷம். ஊரில் நாலு பேருக்கு வேலை நிற்காமல் இருக்கும் என்றார்.

இந்த இடத்தில் என் வாதம் கொஞ்சம் தளர்கிறது. டாஸ்மாக்கிலிருந்து ஆண்டுக்கு 40,000 கோடிக்கு மேல் வாங்கும் அரசின் மருத்துவமனைக்குத்தான் எங்கள் நோயாளிகளை அனுப்புகிறோம். குடிப்பவருக்குக் காசநோய் எளிதில் பிடிக்கும் என்பதும் தெரிந்ததுதான். அது வரி, இது நன்கொடை என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். குடும்பங்களுக்கு உணவு கொடுக்கும் திட்டம் மறுபடி நோயாளிக்கு மட்டும் என்று சுருங்கியது. அந்த வீடுகளில் யாருக்காவது பிறகு நோய் வந்ததா என்று பதிவேட்டைப் புரட்டினால் கண்டுபிடித்துவிடலாம். நான் புரட்டவில்லை. கணக்கு எப்படி வந்தாலும் அதை வைத்து முடிவு சரியா தப்பா என்று சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

யாரிடம் நிதி வாங்கலாம், யாரிடம் கூடாது என்று ஒரு விதிமுறை எழுதித் தரும்படி எங்கள் நிர்வாகக் குழு கேட்டிருக்கிறது. புகையிலை என்று முதல் வரியை உடனே எழுதிவிட்டேன். மது என்று இரண்டாவது. மூன்றாவது வரியில் நிற்கிறது. இப்போது எங்கள் நோயாளிகளுக்கு மாதாமாதம் பை வாங்கிக் கொடுப்பவர்களில் கல்குவாரி முதலாளி ஒருவரும் இருக்கிறார். கல் தூசி நுரையீரலை என்ன செய்யும், அந்த நுரையீரலில் காசநோய் எவ்வளவு சுலபமாக வந்து உட்காரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பையில் அவர் பெயரும் இருக்கிறது. அவரை நான் மறுக்கவில்லை. அந்தப் பைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அக்காதான். இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.