பார்பிக்யூ மிச்சக் கரியில தண்ணி ஊத்தாதீங்க

ஸ்கூல் லீவு விட்டா சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல, பாசிர் ரிஸ்ல பார்பிக்யூ பிட் எல்லாம் ஃபுல்லா இருக்கும், சாப்பிட்டு முடிச்சவங்க மிச்சக் கரி மேல தண்ணி பாட்டிலைக் கவுத்துட்டுக் கிளம்பிடுறாங்க, அதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது. மேல வெள்ளையா சாம்பல் பூத்திருந்தாலும் பெரிய கட்டியை உடைச்சுப் பாருங்க, உள்ள கருகருன்னு அப்படியே கரிதான்.

நம்ம ஊர்ல விக்கிற நல்ல கட்டிக் கரியில ஒரு வகை மலேசியாவுல பேராக் மாநிலத்து மாத்தாங் சதுப்புக் காட்டுல இருந்து வர்றது. பக்காவ்ங்கிற சதுப்புநில மரத்தை 30 வருஷம் வளரவிட்டு வெட்டி, கோலா செபெதாங்ல கவுத்து வச்ச குடம் மாதிரி இருக்கிற செங்கல் சூளைக்குள்ள அடுக்கி, காத்தை அளந்து விட்டு வாரக்கணக்கா வேகவைக்கிறாங்க. அவ்வளவு பாடுபட்டு வர்ற கரியைக் குப்பையில போட மனசு வருமா?

காத்து போகலேன்னா நெருப்பு தானா அணைஞ்சிடும், அவ்வளவுதான் விஷயம். இறுக்கமான இரும்பு மூடி போட்ட பெரிய டின் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க (பால் பவுடர் டின் வேண்டாம், அதோட மூடி பிளாஸ்டிக்). கடைசி சிக்கன் விங்ஸ் இறங்கினதுமே இடுக்கியால தணல் கட்டியை ஒவ்வொண்ணா எடுத்து உள்ள போட்டு மூடி சிமெண்ட் தரையில வச்சிடுங்க, நீங்க சாப்பிட்டுப் பேசிட்டு இருக்கும்போதே அது ஆறட்டும். முழுசா சில்லுனு ஆன பிறகுதான் கார்ல ஏத்தணும், உள்ள தணல் இருந்தா கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு வாசனையே கிடையாது. மணல்ல புதைச்சுட்டும் போகாதீங்க ப்ளீஸ், நீறு பூத்த நெருப்பு ரொம்ப நேரம் சூடா இருக்கும், வெறுங்காலோட ஓடி வர்ற குழந்தைங்க மிதிச்சிடும்.

ஜப்பான்ல இதுக்குன்னே ஹிகேஷி சுபோன்னு மூடி போட்ட ஜாடி வச்சிருக்காங்க. குளிர் நாட்டுல வீட்டுக்குள்ள நிலக்கரி அடுப்பு வச்சிருக்கிறவங்களும் சாம்பலைச் சலிச்சு, எரியாம கம்பி வழியா விழுந்த துண்டைத் திரும்ப அடுப்புல போடுவாங்க. 19ஆம் நூற்றாண்டு லண்டன்ல குப்பைமேட்டுச் சாம்பலைச் சலிச்சே பொம்பளைங்க பொழைச்சிருக்காங்க, அந்தக் கரித்தூள் செங்கல் சூளைக்குப் போச்சு.

வீட்டுக்கு வந்ததும் பழைய கம்பிச் சல்லடையில ஒரு குலுக்கு குலுக்கணும், தூள் இருந்தா அடுத்த தடவை காத்துப் போற வழியை அடைச்சிடும். ஒரு தடவை எரிஞ்ச கரியில ஈரமும் புகையும் ஏற்கெனவே போயிருக்கும், அதனால புதுக் கரியைவிட சீக்கிரம் பத்திக்கும், ஆனா சீக்கிரமே தீர்ந்தும் போகும். அடியில இதைப் பரப்பிப் பத்தவச்சு மேல புதுசு போடுறதுதான் எனக்குத் தெரிஞ்சு பெஸ்ட். நம்ம ஊரு காத்துல இருக்கிற ஈரத்தைக் கரி இழுத்துக்கும், அதனால டின் மூடியே இருக்கணும்.

சலிச்ச சாம்பலைச் செடிக்குப் போடலாமான்னு கேட்பீங்க, சுத்தமான மரக்கரிச் சாம்பல்னா ரொம்பக் கொஞ்சமா தூவலாம், நிலக்கரிச் சாம்பல் வேண்டவே வேண்டாம். இக்ஸோராவுக்கு (இட்லிப்பூச் செடி) மட்டும் எதுவும் போடாதீங்க, அதுக்குப் புளிப்பு மண்ணுதான் பிடிக்கும்.