கெடு தாண்டினாலும் கதவு திறந்திருக்க வேண்டும்

எங்கள் கல்லூரிக்கு இணையக் கற்றல் தளம் தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் இருந்தேன். விற்க வந்தவர்கள் அழகழகான முகப்புகளைக் காட்டினார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: “ஒரு மாணவி பழைய போனில் கட்டுரையை எப்படி ஏற்றுவாள்? அதைக் காட்டுங்கள்.”

காரணம் இருக்கிறது. முன்பிருந்த தளத்தில் கெடுவை ஒருமுறை இரவு 12:00 என்று போட்டுவிட்டேன். கணினிக்கு அது அந்த நாளின் தொடக்கம். மாணவர்களுக்கோ அந்த நாளின் முடிவு. பக்கம் ஒரு நாள் முன்பே பூட்டிக்கொண்டது. ஒரு பெண் 14 பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றாள். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அன்றிலிருந்து இரவு 11:59 தான் போடுகிறேன்.

2002-இல் வெளிவந்த மூடுல் (Moodle) என்ற கற்றல் தளம் திறமூலம்; அதன் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதில் எனக்குப் பிடித்ததே இதுதான்: கெடு தேதி வேறு, முற்றாக மூடும் தேதி வேறு. இரண்டுக்கும் நடுவில் வருவதைத் ‘தாமதம்’ என்று குறித்து வாங்கிக்கொள்ளும். அதன் செயலியில் பாடங்களை முன்பே இறக்கி வைத்தால், இணையம் இல்லாதபோதும் படிக்கலாம்.

திறமூலம் என்றால் உரிமக் கட்டணம் இல்லை. சரி, ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். இதைக் கூட்டத்தில் இரண்டு முறை சொன்னேன்.

அப்புறம், கையெழுத்துப் போடும் முன்பே ஒரு பாடத்தை முழுசாக வெளியே எடுத்து, வேறொரு தளத்தில் ஏற்றிப் பாருங்கள். நாங்கள் முயன்றபோது வினாத்தாள்கள் வந்தன, மதிப்பெண்கள் வரவில்லை.